பழைய சிறு அறுவடை இயந்திரங்கள்: உழவர் அவற்றை விடாதது ஏன்?

விளைந்த தானியம் வீடு வந்து சேரும் வரை உழவனுக்கு உறக்கம் இல்லை. கதிர் முற்றிய பின் பெய்யும் ஒரு பெருமழை பல மாத உழைப்பை ஒரே நாளில் பாழாக்கிவிடக் கூடும். ஆதலால் ஓர் அறுவடை இயந்திரம் நாளொன்றுக்கு எத்தனை ஏக்கர் அறுக்கிறது என்று கேட்பதுடன் நாம் நின்றுவிடலாகாது; வேண்டிய நாளில் அது கைக்கு அகப்படுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். இக்கேள்விக்கு அமெரிக்கச் சிறு விவசாயிகளின் அனுபவம் நல்ல விடை தருகிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கும் முன்னர்ச் செய்யப்பட்ட சிறிய இயந்திரங்களை அவர்களுள் சிலர் இன்றும் பழுது பார்த்துப் பயன்படுத்தி வருகின்றனர். இதன் காரணங்களை ஆராய்வோம்.

காத்திருந்த காலம்

அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒருங்கே செய்யும் இயந்திரத்தை மிச்சிகனைச் சேர்ந்த ஹைரம் மூர் என்பவர் 1830-களில் அமைத்தார். பின்னர்க் கலிபோர்னியாவின் பரந்த கோதுமை நிலங்களில் அது பரவிற்று. இருபது, முப்பது குதிரைகளோ கோவேறு கழுதைகளோ பூட்டி இழுக்க வேண்டிய பெரும் பொறி அது. சிறு பண்ணையாளருக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

அவர்கள் ‘பைண்டர்’ என்னும் கருவியால் கதிரை அறுத்துக் கட்டுகளாக்கி, வயலிலேயே நிறுத்தி உலர்த்தினர். கதிரடிக்கும் இயந்திரமோ அண்டைப் பண்ணைகளுக்கெல்லாம் பொதுவாக முறைவைத்துச் சுற்றி வரும். தம் முறை வருமுன் மழை வந்தால் கட்டுகள் நனைந்து தானியம் முளைவிடும். வேலைக்கு வரும் ஆட்கள் அனைவருக்கும் வீட்டுப் பெண்டிர் சமைத்துப் பரிமாறவும் வேண்டும்.

1935-இல் வந்த மாற்றம்

இந்நிலையில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1935-இல் ‘ஆல்-கிராப்’ என்னும் சிறு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அது செய்யப்பட்டது. அதன் அறுப்பு அகலம் 60 அங்குலம், அதாவது 5 அடி. ஒரு சிறு டிராக்டரே அதனை இழுத்து, தன் பின்புறச் சுழல்தண்டின் வழியே இயக்கவும் போதும்.

அதன் அமைப்பு எளியது. வெட்டப்பட்ட பயிர் ஓடும் கித்தான் துணியின்மேல் விழுந்து நேராக அடிக்கும் உருளைக்குச் செல்கிறது. அவ்வுருளையின் அகலமும் அறுப்பு அகலத்தைப் போல் ஐந்தடியே. ஆதலால் பயிர் ஓரிடத்தில் குவியாமல் மெல்லிய படலமாகப் பரவி உட்புகுகிறது. உருளையின் சட்டங்களுக்கு ரப்பர் முகம் இட்டிருந்ததால் மணி உடைவது குறைந்தது. உருளையின் வேகத்தையும், உருளைக்கும் அதன் எதிர்த்தட்டுக்கும் உள்ள இடைவெளியையும் பயிருக்கேற்ப மாற்றலாம். சோயா மொச்சைக்கு வேகத்தைக் குறைத்தும், கோதுமைக்குக் கூட்டியும் வைப்பர். நுண்ணிய தீவன விதைகளையும் இதனால் சேகரிக்க முடிந்தது. பெயருக்கேற்ப, பல பயிர்களுக்கும் ஒரே கருவியாயிற்று.

இன்றும் விரும்புவதேன்?

முதலாவது, விலை. இன்றைய பெரிய இயந்திரம் ஒன்றின் விலை பல லட்சம் டாலர். சில ஏக்கரில் பழைய தானிய வகைகளையோ விதைப் பயிரையோ விளைப்பவருக்கு அது கட்டாது. கூலிக்கு அறுப்பவரும் அவ்வளவு சிறிய வயலுக்கு வரத் தயங்குவர்.

இரண்டாவது, பழுது பார்க்கும் வசதி. அந்நிறுவனம் தன் வேளாண் இயந்திரப் பிரிவை 1985-இல் விற்றுவிட்டது. ஆயினும் பட்டை, சங்கிலி, பேரிங் போன்ற உறுப்புகளில் பல பொதுவாகக் கடைகளில் கிடைப்பவையே. கித்தானைத் தைத்துக் கொடுப்போரும் உள்ளனர். எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரிவதால், உடையவரே குறையைக் கண்டு சரிசெய்து கொள்கிறார்.

மூன்றாவது, விதையின் தூய்மை. சிறிய இயந்திரத்தின் உட்புறத்தை முழுமையாகத் துடைத்துவிடலாம். ஒரு வகையின் மணி மற்றொரு வகையோடு கலப்பது குறையும். நான்காவது, மண். பெரிய இயந்திரத்தின் பாரம் ஈர நிலத்தை அழுத்தி இறுகச் செய்கிறது. சிறியதால் இக்கேடு குறைவு.

குறைகளும் உண்டு

இவ்வியந்திரங்களைக் குறையற்றவை என்று நாம் புகழவில்லை. மணிக்கு 3 மைல் வேகத்தில் சென்றால், கணக்குப்படி 1.8 ஏக்கர் அறுக்கலாம்; திரும்புவதற்கும் தானியத்தைக் கொட்டுவதற்கும் ஆகும் நேரம் போக, ஏக்கருக்குச் சற்றே மிகுதியாக முடியும். ஓட்டுபவர் தூசியில் அமர வேண்டும். சுழல்தண்டும் பட்டைகளும் சங்கிலிகளும் போதிய மறைப்பின்றி இருப்பது பேராபத்து. தளர்ந்த ஆடையுடன் அருகே செல்லலாகாது; இயந்திரத்தை நிறுத்தாமல் அடைப்பை எடுக்கலாகாது; குழந்தைகளை அண்டவிடலாகாது. பனியில் நனைந்த கித்தான் சுருங்கிக் கிழியுமாதலால் இரவில் அதன் இழுப்பைத் தளர்த்தி வைக்க வேண்டும். எலி கடிக்காமலும் காத்தல் அவசியம்.

நாம் கொள்ளத்தக்க பாடம்

அந்த இயந்திரத்தையே இங்குக் கொணர வேண்டும் என்பது நம் கருத்தன்று. உலர்ந்த நிலத்துக்கென அமைந்த அது நமது சேற்று வயலில் புதைந்துவிடும். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர் மட்டுமே. கருவியின் அளவு நிலத்தின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற உண்மை நமக்கே மிகவும் பொருந்தும்.

ஆகவே இயந்திரம் வாங்கவோ வாடகைக்கு அமர்த்தவோ கருதும் விவசாயிகள் நான்கு கேள்விகளைக் கேட்பார்களாக: நம் வயலுக்குள் இது இறங்கித் திரும்புமா? உரிய நாளில் கிடைக்குமா? பழுதானால் அருகில் சரிசெய்ய முடியுமா? ஏக்கருக்கு ஆகும் செலவு, மிஞ்சும் கூலிக்கும் காக்கப்படும் தானியத்துக்கும் ஈடாகுமா? தனியே வாங்க இயலாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை நாடலாம். சிலர் ஒன்றுகூடிப் பொதுவில் வாங்கியும் கொள்ளலாம். பொதுவில் வாங்குவோர், யார் வயலில் எந்நாள் அறுப்பது என்பதைக் கதிர் முற்றுமுன்பே பேசி எழுதிவைத்துக் கொள்ளுதல் நலம். முறைக்குக் காத்திருந்து மழையில் தானியத்தை இழந்த அமெரிக்கப் பண்ணையாளரின் துயரம் நம் ஊரில் நேராதிருக்க அதுவே வழியாகும்.