ஓர் இலைத்துண்டின் பயணம்

தேனியிலிருந்து கம்பம் வரை பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் வழிநெடுகிலும் வாழைத் தோட்டங்களைக் காணலாம். இங்கே 'கிராண்ட் நைன்' என்னும் வாழை பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்றுகளாக நடப்படுகிறது. ஒரு தாய்வாழையின் குருத்துத் திசுவைக் குடுவையில் வளர்த்து, ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெறலாம். அந்தத் தாய்வாழையில் வைரஸ் ஒளிந்திருந்தால்? கன்றுகளோடு நோயும் பெருகும் அல்லவா?

முடிக்கொத்து நோய் அத்தகையது. நோயுற்ற மரத்தில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் தள்ளாது. இதற்கு மருந்து கிடையாது. பழனி மலைச் சரிவுகளில் பெயர் பெற்ற விருப்பாட்சி வாழையைப் பெரிதும் அழித்தது இந்நோயே. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியும், நோயுற்ற கன்றும் இதைப் பரப்புகின்றன. வைரஸ் புகுந்து சில வாரங்கள் வரை செடி நலமாகவே தோன்றும். ஆகவே, கண்ணை நம்பிப் பயனில்லை.

இதற்காகவே 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கன்று உற்பத்தி செய்வோர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வகம் அமைக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற பொது ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்பலாம். 1993-இல் தொடங்கப்பட்ட திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய சோதனை நடைபெறுகிறது. கம்பத்திலிருந்து அது சுமார் 200 கிலோமீட்டர் தொலைவு.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். வைரஸுக்கே உரிய ஒரு டி.என்.ஏ. பகுதியை மட்டும் 'பாலிமரேஸ் தொடர்வினை' மூலம் பெருக்குகிறார்கள். 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட முறை இது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பத்துச் சுற்றில் 1,024. முப்பது சுற்றில் ஏறத்தாழ 107 கோடி! வைரஸ் இருந்தால், பெருகிய டி.என்.ஏ. ஜெல் தகட்டில் ஒரு கோடாகத் தெரியும்.

இங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இந்த முறை வைரஸை மட்டுமா பெருக்கும்? நம் கவனக்குறைவையும் சேர்த்தே பெருக்கும். நோயுற்ற செடியை வெட்டிய கத்தியால் நலமான செடியை வெட்டினால், கத்தியில் ஒட்டிய துளிச் சாறே போதும். நல்ல செடியும் நோயுற்றதாக முடிவு வந்துவிடும். எனவே, ஒவ்வொரு செடிக்கும் புதிய பிளேடு வேண்டும். கையுறையையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனிப் பையிலிட்டு, செடியின் எண், இரகம், இடம், தேதி ஆகியவற்றை அழியாத மையால் எழுத வேண்டும். இரண்டு பைகளின் எண் மாறினால் நோயுள்ள தாய்வாழை தப்பிவிடும், நல்லது வெட்டுப்படும்.

இலை வாடி அழுகினாலும் கேடுதான். வாழையைத் தாக்கும் வைரஸ்களில் சில டி.என்.ஏ.வைக் கொண்டவை, வேறு சில ஆர்.என்.ஏ.வைக் கொண்டவை. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். சிதைந்தால், இருக்கும் வைரஸும் இல்லாதது போலத் தோன்றும். அதனால் மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்தார் தம்மையும் சோதித்துக்கொள்கிறார்கள். மாதிரிகளோடு, நோயுள்ளது என அறிந்த ஒரு செடி, நலமானது என அறிந்த ஒரு செடி, வெறும் நீர் ஆகிய மூன்றையும் அதே கருவியில் வைக்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. நீர் இருந்த குழாயிலும் கோடு தோன்றினால், அன்றைய முடிவுகளில் எவற்றை நம்பலாம்? நோயுள்ள செடியிலும் கோடு தோன்றாவிட்டால் என்ன பொருள்? விடையைக் காரணத்துடன் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.