கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி யார் கண்டுபிடிப்பு?

கேள்வி: கேம் ஆடுவதற்காக வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறேன். "முதல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாத்துங்க" என்கிறார் கடைக்காரர். இந்தப் பவர் சப்ளை பெட்டியை யார் கண்டுபிடித்தது? எங்கள் பக்கம் குறுவை நேரத்தில் பம்புசெட்டுகள் ஓடினால் வோல்டேஜ் இறங்கிவிடும். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. அதிகம் அடிபடும் பெயர் ராட் ஹோல்ட். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை வடிவமைத்தவர் அவர். பழைய முறையில் கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மர் வேண்டும். சூடு அதிகம், அதைத் தணிக்கக் காற்றாடியும் வேண்டும். ஸ்டீவ் ஜாப்ஸுக்கோ காற்றாடி இரைச்சலே ஆகாது. ஹோல்ட், மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்துப் போடும் சுற்றைக் கையாண்டார். அந்த வேகத்தில் கைக்கடக்கமான டிரான்ஸ்பார்மரே போதும். எடை குறைந்தது, சூடு குறைந்தது, காற்றாடியும் தேவைப்படவில்லை.

எல்லாரும் ஹோல்ட்டைத்தான் காப்பியடித்தார்கள் என்று ஜாப்ஸ் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். அது கொஞ்சம் மிகை. விண்வெளிக் கருவிகளில் 1960-களிலேயே இந்த முறை இருந்தது.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். இன்றைய ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு ஒன்றுக்கு மட்டும் 575 வாட், ஒன்பது ஐ.பி.எம். பி.சி.க்களின் தீனி! இப்போதைய பெட்டியின் அளவையும் இணைப்புகளையும் வரையறுத்த ஏ.டி.எக்ஸ். விதிகளை 1995-ல் இன்டெல் வெளியிட்டது. அன்றைக்குச் சுமை பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளில். 2000-ல் பென்டியம் 4 வந்ததும் அது 12 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. இன்றைய கிராபிக்ஸ் கார்டு அநேகமாக முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது.

ஆகவே, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெயரில் 450 இருக்கும். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர்தான் என்றால் 216 வாட். உங்கள் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். மீதியில் பிராசசர் எங்கே பிழைப்பது? கார்டு நிறுவனமே 550 வாட் பரிந்துரைக்கிறது. 80 பிளஸ் முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை: 2004-ல் தொடங்கிய அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல.

இனி வோல்டேஜ். உள்ளீடு 100–240 வோல்ட் என்று அச்சிட்ட பெட்டி, 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தாலும் சமாளிக்கும். 200–240 என்றிருந்தால் உங்கள் ஊருக்கு ஆகாது. 115/230 சிவப்பு ஸ்விட்ச் வைத்த பழைய ரகத்தைத் தொடவே வேண்டாம்; ஸ்விட்ச் தவறி 115-ல் இருந்தால் போட்டவுடனே வெடிச்சத்தம் கேட்கும்.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன் நிற்பதில்லை, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து விடுகிறது. ஏன்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு டெல்டாவில் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன் கெபாசிட்டரில் தேக்கிய மின்சாரத்தில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. நம் மின்சாரத்தின் ஓர் அலைக்கே 20 மில்லி விநாடி ஆகும். இன்வெர்ட்டர் அந்த 16 மில்லி விநாடிக்குள் மாறிவிட வேண்டும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியாது, சுற்றிய வேகத்திலேயே சுற்றும்.

பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்றொரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் வேகமாக மாறும். அப்படியும் அணைந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற திறன்காரணித் திருத்தச் சுற்று கொண்ட புதிய பவர் சப்ளைகள் சில அந்த அலையை ஏற்காமல் நின்றுவிடும். கேம் கம்ப்யூட்டருக்கு சைன் அலை யு.பி.எஸ். ஒன்றைத் தனியாக வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டின் விலையைவிடக் குறைவு.