திருப்பணியில் விலக்குவனவும் காப்பனவும்

திருக்கோயில் தொண்டு என்றவுடன் கோபுரம் எழுப்புதலும், மண்டபம் கட்டுதலும், விளக்கிடுதலும், மாலை தொடுத்தலுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், நீக்குதலும் ஒரு தொண்டே ஆகும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனார் திருக்கரத்தில் தாங்கியது உழவாரப்படை. கோயிற் சுற்றில் முளைத்த புல்லையும் புதரையும் செதுக்கி அகற்றும் கருவி அது. நாயனார் செதுக்கியது புல்லை, கல்லை அன்று. பழங்கோயில்களில் திருப்பணி செய்வோர் இதனை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

மைய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்ட பழங்கோயில்கள் நம் நாட்டில் பல உள. பழங்கோயில்களில் அண்மைக் காலத்தார் நல்லெண்ணத்தோடு சேர்த்தவையும் பலவாம். சிற்பத்தின் மீது பூசிய பெயிண்ட், பழஞ்சுவரில் அப்பிய சிமெண்டு, கல் தளத்தின் மீது பதித்த டைல்ஸ், தூண்களுக்கு இடையே எழுப்பிய தடுப்புச் சுவர், வாயிலை மறைக்கும் தகரக் கொட்டகை ஆகியன அவற்றுட் சில. பெயிண்டும் சுண்ணாம்பும் படியப் படியக் கல்வெட்டின் எழுத்துகள் தூர்ந்து போகின்றன. பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது; சிமெண்டோ அதனை உள்ளேயே அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்து சுவரைப் பொரியச் செய்கின்றது. ஆதலின் இவற்றை நீக்குதல் நன்றே.

எவ்வாறு நீக்குவது என்பதில்தான் இடர் உளது. மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிக்கும் முறை விரைவானது. பூச்சு நீங்கிக் கல் பளபளக்கும், கண்டோர் மகிழ்வர். ஆயின், பூச்சோடு கல்லின் மேற்பரப்பும் பெயர்ந்து விடுகின்றது. எழுத்தின் விளிம்பு மழுங்குகின்றது. தெய்வத் திருவுருவின் கண்ணும் இதழும் தேய்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் மழையும் வெயிலும் அழிக்காத எழுத்தை ஒரு நாட் பொழுதில் நாம் அழித்து விடுகின்றோம். அழிந்த எழுத்தை மீட்க வழியில்லை.

இதில் நம் முன்னோர் காட்டிய நெறி யாது? அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயில் அதற்குச் சான்றாகும். முதலாம் இராசராசன் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்துக் கொள்ளுமாறு பணித்தான். அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. பிரிப்பதற்கு முன் பதிவு செய்க என்பதே அப்பெருவேந்தன் கற்பித்த பாடம்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவர்க்கும் இந்நெறி உண்டு. இடைச்செருகல் என்று ஐயுற்ற பாடலை அவர் கிழித்தெறிவதில்லை; மூலத்தினின்றும் பிரித்துத் தனியே காட்டுவர். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவர். பின் வருவோர் ஆராய்ந்து தெளிய இடம் வைப்பர்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். சுந்தரர் வரலாறும், திரிபுரம் எரித்த பெருமானின் கோலமும் அவற்றுள் உள்ளன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தின் பகுதிகளைச் சிதையாது பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகையில் பொருத்திக் காத்தனர். அடியில் இருந்ததும் வெளிப்பட்டது. மேலே இருந்ததும் பிழைத்தது.

பிற்காலத்தன எல்லாம் நீக்கற்பாலன என்று எண்ணுதலும் தவறாகும். அதே பெரிய கோயிலில் அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. முருகன் சந்நிதி நாயக்கர் காலத்தது. இவையும் இராசராசனுக்குப் பிற்பட்டனவே. எனினும் இவற்றைப் பெரிய கோயிலினின்றும் பிரித்து எண்ண யார்க்கு மனம் வரும்? காலத்தை மட்டும் நோக்காது, மூலத்தைச் சிதைக்கின்றதா, தனக்கெனச் சிறப்புடையதா என்பனவற்றையும் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஆகவே திருப்பணி செய்வோர் கொள்ள வேண்டிய முறை இது. தொல்லியல் துறையினரின் ஒப்புதலும் வழிகாட்டுதலும் பெறுக. நீக்குமுன் அளவெடுத்து, நிழற்படம் எடுத்து, கல்வெட்டுகளை மைப்படி எடுத்து வைக்க. பூச்சை நீரால் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் சிறிது சிறிதாக அகற்றுக. தடுப்புச் சுவரை இடிக்கும்போது ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்க்க. பழங்கல்வெட்டுத் துண்டுகள் அதனுள் வைத்துக் கட்டப்பட்டிருத்தல் கூடும்.

வழிபட வரும் அன்பர்க்கும் இதில் பங்குண்டு. தூணிலும் சிற்பத்திலும் எண்ணெயும் குங்குமமும் பூசாதிருப்போம். சுவரில் பெயர் எழுதாதிருப்போம். திருப்பணிக்குப் பொருள் வழங்கும்போது, “இப்பூச்சின் அடியில் என்ன உள்ளது?” என்று ஒரு வினாவும் எழுப்புவோம். அக்கல்லெழுத்தில் ஓர் ஊரார் விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் கணக்கோ, பெயரறியா ஒரு மூதாட்டி அளித்த பொன்னின் அளவோ இருக்கலாம். அவர்கள் செய்த அறம் நம் கையால் அழியாதிருத்தலே நாம் செய்யும் அறமாகும்.