ஒரே அட்டவணை, நான்கு விடைகள்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூருக்கு அருகில் திருவாதவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். அந்த ஊர் மாணவன் ஒருவன் தன் வீட்டு மாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 6, வியாழக்கிழமை முதல் ஒரு வாரக் கணக்கை அவன் கணிப்பொறியில் விரிதாளாக ஏற்றுகிறான். நீங்கள் எக்செல் என்று சொல்வீர்களே, அந்தக் கட்டம் போட்ட தாள்தான்.

வியாழன் 12. வெள்ளி 0. சனி 18. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலி. திங்கள் “3 செ.மீ.”, அன்று எழுதியவள் அவன் தங்கை. செய்தித்தாளில் மழையளவைச் சென்டிமீட்டரில் போடுகிறார்கள் அல்லவா? அவளும் அப்படியே எழுதிவிட்டாள். செவ்வாய் 0. புதன் 6. மேலே தலைப்பு “மழை” என்று மட்டும் இருக்கிறது.

இந்தத் தாளைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்து, “ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு மழை?” என்று கேட்கிறான். என்ன விடை வரும்? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, நீங்களே போட்டுப் பாருங்கள்.

விரிதாளின் சராசரிச் சூத்திரம் காலிக் கட்டத்தையும் எழுத்து கலந்த கட்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போய்விடும். மீதி ஐந்து நாள்களின் கூட்டுத்தொகை 36, சராசரி 7.2. காலிக் கட்டத்தைப் பூச்சியமாகவும், “3 செ.மீ.”யை வெறும் 3 ஆகவும் எடுத்தால், 39-ஐ 7-ஆல் வகுக்க 5.6 வரும். 3 செ.மீ. என்பது 30 மி.மீ. என்று மாற்றி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால், 66-ஐ 6-ஆல் வகுக்க 11 கிடைக்கும்.

மூன்றாவதுதான் சரி என்கிறீர்களா? அதுவும் தவறு. ஞாயிறன்று வீட்டார் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மழைமானியை யாரும் கவிழ்க்கவில்லை. ஞாயிறு காலை வரை பெய்ததும் அதிலேயே கிடந்து, திங்கட்கிழமை 30 மி.மீ.யாக அளக்கப்பட்டது. ஆகவே 66 மி.மீ. ஏழு நாளைய மழை, சராசரி 9.4. இந்தச் செய்தி அவன் மனத்தில் இருந்தது, தாளில் இல்லை. உலகத்தின் எந்தக் கணிப்பொறியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

உதவியாளர் உள்ளே என்னதான் செய்கிறது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விரிதாளை வரிவரியாக எழுத்தாக மாற்றிப் படித்து, அடுத்து வரத்தக்க சொல் எது, எண் எது என்று கணித்து விடை சொல்லும். அல்லது ஒரு சிறு நிரலை எழுதி, அதை ஓட்டிக் கணக்குப் போடும். கணக்கு என்றால் இரண்டாவது வழியே நம்பத்தக்கது. ஆனால் எந்த வழியானாலும் கட்டத்திற்குள் எழுதியிருப்பதுதான் அதற்குத் தெரியும். சந்தேகமான நாளுக்கு நீங்கள் மஞ்சள் வண்ணம் பூசியிருந்தால், எழுத்தாக மாறும்போது அந்த மஞ்சள் பெரும்பாலும் தொலைந்துபோகும். அழகுக்காக மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தால், முதல் கட்டத்தில் மட்டும் எழுத்து இருக்கும். மற்ற இரண்டும் காலியாகும். இடைவெளி கண்ட இடத்தில் உதவியாளர் ஓர் ஊகத்தை வைத்து நிரப்பிவிடலாம். ஊகித்தேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லாது. என் கருத்தில் உண்மையான ஆபத்து இதுதான். 5.6, 11 இரண்டையும் அது ஒரே தெளிவோடு எழுதித் தரும். கண்மாய்க்கு எவ்வளவு நீர் வரும் என்று அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால், ஒன்று மற்றொன்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இயந்திரத்துக்கு அட்டவணை தயாரிப்பது புதிய வேலை என்று நினைக்காதீர்கள். திருவாதவூரை ஒட்டியுள்ள ஓவாமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. “கொட்டுபிதோன்” என்ற சொல் அவற்றில் வருகிறது. இன்றைய எழுத்தில் கொட்டுவித்தோன், அதாவது பொறிக்கச் செய்தவன். இத்தகைய கல்வெட்டுகளை ஆராய்ந்து 2003-இல் பெரு நூலாக வெளியிட்டவர் ஐராவதம் மகாதேவன் (1930–2018). அவரே 1970-களில் சிந்துவெளி முத்திரைகளின் எழுத்துகளைப் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு கணிப்பொறியில் ஏற்றினார்.

அந்த எழுத்து இன்றுவரை படித்தறியப்படாதது. அதை எப்படி அட்டவணையாக்குவது? ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்தார். மொத்தம் 417 குறிகள். ஒவ்வொரு வரிக்கும் தனி எண், கிடைத்த இடம், எந்த வகைப் பொருள் என்ற விவரம் எல்லாம் சேர்ந்தன. தெளிவில்லாத குறிகள் தெளிவானவற்றோடு கலந்துவிடாதபடி தனியே அடையாளமிடப்பட்டன. 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அந்தத் தொகுப்பில் 2,906 பொருள்களிலிருந்து 3,573 வரிகள் உள்ளன.

அந்த உழைப்பின் பயன் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. நிஷா யாதவ், மயங்க் வாஹியா, ராஜேஷ் ராவ், ரொனஜாய் அதிகாரி முதலியோர் மகாதேவனோடு சேர்ந்து அந்தத் தொகுப்பை ஆராய்ந்தனர். அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, முதலில் சலித்தார்கள். ஒரே வாசகம் பல பொருள்களில் திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைத்தார்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள குறிகள் மிக அதிகமாகப் புழங்கியவை போலத் தோன்றிவிடும். சிதைந்தவை, ஐயத்திற்குரியவை, பல வரியில் அமைந்தவை ஆகியவற்றையும் விலக்கினார்கள். எஞ்சியவை 1,548 வாசகங்கள். ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வரக்கூடும் என்பதை இவற்றிலிருந்து கணிப்பொறி கற்றது. ஒரு குறியை மறைத்துவிட்டுக் கேட்டபோது ஏறத்தாழ 75 விழுக்காடு சரியாகச் சொன்னது என்று 2010-இல் எழுதினார்கள். இன்றைய உதவியாளர் அடுத்த சொல்லைக் கணிப்பதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. படிக்கத் தெரியாத எழுத்திலேயே இவ்வளவு முடிந்தது என்றால், அட்டவணையில் எது உறுதி, எது ஐயம் என்று பிரித்து எழுதியிருந்ததே அதற்குக் காரணம்.

இனி நம் மழைத் தாளைச் சீர்செய்வோம். முதலில் அதைப் படியெடுத்து மூலத்தைத் தொடாமல் வையுங்கள். தலைப்பை “மழை மி.மீ.” என்று மாற்றினால் கட்டங்களில் எண் மட்டும் போதும், திங்களன்று 30. ஞாயிறு காலியாகவே இருக்கட்டும், பூச்சியம் போடாதீர்கள். மழை பெய்யவில்லை என்பது ஓர் அளவீடு. அளக்கவில்லை என்பது வேறு. பக்கத்தில் “குறிப்பு” என்று ஒரு பத்தி சேர்த்து, ஞாயிறுக்கு எதிரே “அளக்கவில்லை” என்றும், திங்களுக்கு எதிரே “இரண்டு நாள் மழை” என்றும் எழுதுங்கள். கீழே “மொத்தம் 66” என்று ஒரு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அதையும் ஒரு நாளாக எண்ணிவிட்டால் 132 மி.மீ. மழை பெய்துவிடும்!

தேதி ஒரு தனிக் கதை. 6/11/2025 என்பது நமக்கு நவம்பர் 6. அமெரிக்க முறையில் அமைத்த விரிதாளுக்கு ஜூன் 11. நம் ஏழு நாள்களும் அங்கே ஜூன் முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு நாளாகச் சிதறிப்போகும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-11-06 என்று எழுதினால் குழப்பமில்லை. விஞ்ஞானிகளும் இதில் தப்பவில்லை. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்ற பெயருள்ள மரபணுக்களை விரிதாள் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

பல ஊர்க் கணக்கைச் சேர்த்தால் பெயர்களும் தொல்லை தரும். திருவாதவூரை ஆங்கிலத்தில் ‘டி’ போட்டு ஒருவரும், ‘டி.எச்.’ போட்டு இன்னொருவரும் எழுதினால் இரண்டு ஊர்களாகிவிடும். ஒரே எழுத்துமுறையை முடிவு செய்துகொள்ளுங்கள். மழைமானி வைத்திருப்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் சராசரிக்கு வேண்டியதில்லை. வெளியாருடைய இயந்திரத்துக்கு அனுப்பும் படியிலிருந்து அவற்றை நீக்கி, இ1, இ2 என்று குறியீடு போடுங்கள்.

கடைசியாக, தாளைக் கொடுத்தவுடன் சராசரி கேட்காதீர்கள். “எத்தனை நாள் இருக்கிறது? எத்தனை கட்டம் காலி? மிகப் பெரிய எண் எது?” என்று கேளுங்கள். ஏழு, ஒன்று, 30 என்று வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் அங்கேயே நிறுத்தித் தாளைப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. அதே மாணவனின் தாத்தா பழைய நோட்டில் ஒரு நாளுக்கு எதிரே “ஒரு உழவு மழை” என்று எழுதியிருக்கிறார். நிலத்தை ஓர் உழவு உழப் போதுமான ஈரம் என்று பொருள். அந்த நாளின் மி.மீ. கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? குறிப்புப் பத்தியில் என்ன எழுதுவீர்கள்?