இருமல் மருந்தும் குழந்தைகளின் உயிரும்

வாலாஜாபாத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைச் சுங்குவார்சத்திரத்தில் சந்திக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் ஜனங்கள் நாள்தோறும் கடந்துபோகும் ஊர் அது. அவ்வூரிலிருந்த ஸ்ரீசன் என்னும் மருந்துக் கம்பெனியில் செய்யப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்தை உட்கொண்ட பின்னர், 2025-ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா ஜில்லாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். சாதாரண ஜலதோஷத்திற்காகக் கொடுக்கப்பட்ட மருந்து இத்தகைய முடிவைத் தந்தது எவ்வாறு என்பதை ஒவ்வொரு குடும்பஸ்தரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. விஷம் கலந்த விதம்

சில மருந்துகள் நீரில் எளிதாகக் கரைவதில்லை. ஆகவே குழந்தைகளுக்கான திரவ மருந்துகளில் அவற்றைக் கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற இனிய திரவங்களைச் சேர்ப்பது வழக்கம். மருந்துக்கு ஏற்றவாறு சுத்தம் செய்யப்பட்ட திரவத்திற்குப் பதிலாகக் கைத்தொழில்களுக்கு உபயோகமாகும் மட்டரகத் திரவம் சேர்க்கப்பட்டால், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் அதனுடன் உட்புகக் கூடும். அது மோட்டார் வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும் அச்சு மையிலும் பயன்படும் பொருள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையோ தித்திப்பு. ஆகையால் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது.

மருந்துகளில் இப்பொருள் நூற்றுக்கு 0.1 பாகத்திற்கு மேல் இருத்தல் கூடாது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, எஸ்.ஆர். 13 என்ற தொகுதி எண்ணுள்ள கோல்ட்ரிஃப் மருந்தைச் சோதித்ததில் 48.6 பாகம் காணப்பட்டது. அதாவது புட்டியில் ஏறத்தாழப் பாதி விஷம். உடனே விற்பனை தடுக்கப்பட்டது. அக்டோபர் 13-ஆம் தேதி கம்பெனியின் லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது.

2. பழைய பாடம்

இவ்விபத்து புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் இதே விஷத்தில் கரைத்து விற்கப்பட்ட ஒரு மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பயனாக 1938-இல் அந்நாட்டில் கண்டிப்பான சட்டம் பிறந்தது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940-இல் இயற்றப்பட்டது. எனினும் 1972-இல் சென்னையில் 14 குழந்தைகளும், 2022-இல் காம்பியா தேசத்தில் சுமார் 70 குழந்தைகளும் இதே விதமாக மாண்டனர். சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது; ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாயும், வெளியே செல்லும் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட வேண்டும். இது ஆலையின் கடமை. அதைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை. இவ்விரண்டும் தவறினால் தாய்மார்களின் ஜாக்கிரதை மட்டும் குழந்தையை முழுதும் காத்துவிடாது. ஆயினும் அபாயத்தைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடியவை பல உண்டு.

3. வீட்டில் அனுசரிக்க வேண்டியவை

முதலாவது, வேண்டாத மருந்தைக் கொடாதிருத்தல். குழந்தைகளின் ஜலதோஷமும் இருமலும் பெரும்பாலும் சில தினங்களில் தாமே நீங்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகளைக் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாக அவை சிபார்சுக்குரியவை அல்ல என்றும் மத்திய சுகாதார இலாகா 2025 அக்டோபரில் அறிவித்தது. ஓய்வும், தாய்ப்பாலும், போதுமான நீராகாரமுமே முதற் சிகிச்சை. மூச்சுத் திணறல், கடும் ஜுரம், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை கண்டால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது, அளவு. பாரசிட்டமால் திரவம் 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இருவகையாக விற்கப்படுகிறது. பழைய புட்டியின் கணக்கில் புதிய புட்டியைக் கொடுத்தால் அளவு இரட்டித்துவிடும். ஜுரத்திற்கு ஒன்றும் ஜலதோஷத்திற்கு ஒன்றுமாக இரு மருந்துகள் கொடுக்கும்போது, இரண்டிலும் பாரசிட்டமாலே இருப்பதும் உண்டு. மிகுதியானால் ஈரல் கெடும். சமையற் கரண்டி அளவுகோல் ஆகாது. புட்டியுடன் வரும் மூடியையோ குழலையோ கொண்டே அளக்க வேண்டும்.

மூன்றாவது, சீட்டும் ரசீதும். லைசென்ஸ் உள்ள கடையில் ரசீதுடன் வாங்குக. மருந்து தீரும்வரையிலும், அதன் பின் சில வாரங்கள் வரையிலும், ரசீதையும் புட்டியையும் வைத்திருத்தல் நலம். ஒரு தொகுதி தடை செய்யப்பட்டதாகச் செய்தி வந்தால், புட்டியின்மேல் உள்ள தொகுதி எண்ணே அதை அடையாளம் காட்டும். ஒரு குழந்தைக்கு எழுதிய மருந்தை மற்றொரு குழந்தைக்குக் கொடுப்பதும், சென்ற வருஷத்து மிச்சத்தை எடுத்துக் கொடுப்பதும் தவறு.

4. அபாயக் குறிகள்

மருந்து கொடுத்த பின் குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, மிகுந்த சோர்வு தோன்றினாலும், சிறப்பாக மூத்திரம் குறைந்தாலும் நின்றாலும், மருந்தை உடனே நிறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புட்டியையும் எடுத்துச் செல்ல மறக்கலாகாது. 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வண்டியை இலவசமாக அழைக்கலாம்.

5. சங்கங்களின் பொறுப்பு

2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆகவே அங்கத்தினர்கள் மருந்து வாங்குவோர் மட்டுமல்லர், விற்போருமாவர். வந்த சரக்கின் தொகுதி எண்களைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதுவதும், தடை அறிவிப்பு வந்த அன்றே அலமாரியைச் சோதித்து அதை விளம்பரப் பலகையில் ஒட்டுவதும், ரசீதின்றி ஒரு புட்டியும் வெளியேறாமற் காப்பதும் பஞ்சாயத்தாரின் கடமை. உர மூட்டையை நிறுத்துப் பார்த்து வாங்கும் குடியானவர் குழந்தையின் மருந்துச் சீட்டையும் ஒரு முறை வாசித்துப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. டைஎத்திலீன் கிளைக்காலை வீட்டில் கண்டுபிடிக்க இயலாதது ஏன்?
2. இரண்டு வயதுக் குழந்தைக்கு இருமல் கண்டால் முதலில் செய்யத்தக்கது யாது?
3. தொகுதி எண் புட்டியின் எந்த இடத்தில் உள்ளது? ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள ஒரு மருந்தைக் கொணர்ந்து காட்டுக.
4. நமது சங்கத்தின் கடையில் ஒரு தொகுதியைத் திரும்பப் பெற நேர்ந்தால், அதை வாங்கியவர்களை எவ்விதம் கண்டறிவது?