ட்வீட்டர் சொல்லிக்கொண்டு போகாது

ஸ்பீக்கர் அலறி ஓய்ந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம், சத்தத்தைக் குறைத்து அதே பாட்டை மறுபடி போட்டுப் பார்ப்பது. பாடினால் "ஒண்ணும் ஆகலை" என்று நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. பெரிய சத்தம் கேட்ட காது சில மணி நேரத்துக்கு மந்தமாகத்தான் கேட்கும். அப்போது நல்ல ஸ்பீக்கரும் மங்கலாகத் தோன்றும், கெட்டுப்போனதும் தப்பித்துவிடும். தவிர, உச்ச சுருதிகளைத் தரும் ட்வீட்டர் செத்துப்போனாலும், கீழ்சுருதிகளைத் தரும் வூஃபர் பாட்டைப் பாடிக்கொண்டேதான் இருக்கும். குரலும் மிருதங்கமும் வரும். ஜால்ராவின் பளபளப்பும் பாடகியின் 'ச'வும் மட்டும் காணாமல் போயிருக்கும். வாரக்கணக்கில் அதைக் கவனிக்காதவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது இது. டி.வி.யை ஹெட்ஃபோன் துளை வழியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தோம். அதில் சத்தம் போதவில்லை என்று குமிழ் முக்கால்வாசி திரும்பியிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் சி.டி. பக்கம் மாற்றினான். சி.டி. பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் வரை தரும். குறைத்து வைத்த டி.வி. அதில் ஒரு சிறு பங்கைத்தான் தரும். தவில் அடி ஒன்று இடிபோல் விழுந்தது. "மாமா, குமிழ்ல கையே வெக்கல, பட்டனைத்தான் அமுக்கினேன்" என்றான் பையன். உண்மைதான்.

முதல் சோதனை மூக்குக்கு. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்னால் காற்றுப் போக ஒரு துளை இருக்குமே, அங்கே முகர்ந்து பார்க்க வேண்டும். காயிலின் வார்னிஷ் கருகியிருந்தால் கிணற்று மோட்டார் எரிந்தபோது வரும் அதே வாடை அடிக்கும். வாடை இருந்தால் நல்லபடியாகத் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. வாடை இல்லை என்பதால் தப்பியது என்றும் சொல்ல முடியாது. ட்வீட்டரின் கம்பி மயிரிழை போன்றது, வாடை வருமளவுக்கு அதில் சரக்கு இல்லை.

பிறகு அன்றைக்கு அதைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. காதும் தெளியட்டும். சில ஸ்பீக்கர்களில் சுருதிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில், சூடானால் ட்வீட்டரைத் தற்காலிகமாகத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் சேர்க்கும் பாதுகாப்பு உறுப்பு உண்டு. அவசரப்பட்டால் உயிரோடிருப்பதைச் செத்ததாக எழுதிவிடுவோம்.

மறுநாள் பாட்டு வேண்டாம், இரைச்சல் போடுங்கள். எஃப்.எம். ட்யூனரில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்' என்று வருமே, அதைவிட நல்ல சோதனைப் பாட்டு கிடையாது. அடியிலிருந்து உச்சி வரை எல்லா சுருதியும் அதில் இருக்கிறது. சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, பேலன்ஸை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரைய வேண்டும். நான் ஒரு வார இதழைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டருக்கு எதிரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் மழை பெய்கிற மாதிரி சீறியது. இடப்பக்கக் குழலுக்குள் ஒன்றுமே இல்லை. கீழே வூஃபரிலிருந்துதான் கம்மிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்தச் சோதனைக்கு வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடலாம். உச்ச சுருதிகள் நம் காதை விட்டுப் போய் நாளாகியிருக்கும்.

ஆனால் குற்றவாளி ஸ்பீக்கர்தானா, ஆம்ப்ளிஃபயரா? மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டினால் தெரிந்துவிடும். குறை அதே பெட்டியிலேயே இருந்தால் பெட்டியில் கோளாறு. அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரில். மாட்டும்போது ஒயரின் ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரின் பின்முனைகளில் வைத்தால் 6-ஐ ஒட்டி ஓர் எண் வரும், எல்லாம் சரி என்று தோன்றும். அது வூஃபரின் கணக்கு மட்டும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் கெபாசிட்டர் இருக்கிறது, மீட்டரின் நேர்மின்சாரம் அதைத் தாண்டாது. ட்வீட்டரைக் கழற்றி, ஒயரை விலக்கி, அதன் முனைகளிலேயே வைக்க வேண்டும். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் மேல் கவனம்! உள்ளே இருக்கும் காந்தம் அதைப் பிடுங்கி நேராக ட்வீட்டரின் நடுவே உள்ள டோமில் குத்த வைக்கும். இடது உள்ளங்கையை டோமுக்கு மேல் குடைபோல் வைத்துக்கொண்டுதான் திருகைத் தொட்டேன். மீட்டர் அசையவில்லை. காயில் அறுந்துவிட்டது.

வூஃபரைச் சோதிக்கக் கையே போதும். விரல்களை விரித்துக் கோனின் நடுமூடியைச் சுற்றி ஒரே சீராக மெல்ல உள்ளே அழுத்தி விட வேண்டும். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. 'கரகர' என்று உரசினால் காயில் உப்பியிருக்கிறது அல்லது இடம் விலகியிருக்கிறது. ஒரு பக்கமாக அழுத்தினால் நல்லதும் உரசும், அதை வைத்துப் பயந்துவிடாதீர்கள். கடைசியாக, செல்போனை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக் கேட்கலாம். அதிர்வு வந்தால் முதலில் ஷோகேஸ் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

ட்வீட்டர் ஏன் முதலில் போகிறது என்றால், சக்திக்கு மீறி ஓட்டினால் ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையைச் சீவிவிடும். அடிசுருதி அதற்கு மேல் ஏறாது. உச்ச சுருதிகளோ ஏறிக்கொண்டே போகும், சீவிய முனைகளிலிருந்து புதிதாகவும் முளைக்கும். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் 10 மடங்கு சக்தி வேண்டும் என்பதால், குமிழின் கடைசிக் கால்வாசியில் பெரும்பாலும் இந்தக் குப்பைதான் மிச்சம். எல்லாம் அந்த மயிரிழைக் கம்பியில் இறங்கும். 100 வாட் என்று எழுதிய பெட்டியைச் சின்ன ஆம்ப்ளிஃபயரும் எரிக்க முடிவது இதனால்தான்.

சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர், "சார், அதே கம்பெனி பீஸ் கெடச்சா ஒண்ணு போதும். இல்லன்னா ஜோடியா மாத்திடுங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா ரெண்டு பக்கமும் ரெண்டு குரலா கேக்கும்" என்றார். வியாபாரப் பேச்சு என்று தள்ள முடியாது; ஓம் பொருந்தினாலும் சத்தத் திறன் பொருந்தாமல் போகும். ஜோடியாகவே வாங்கினேன். வூஃபர் போயிருந்தால் மைக் செட் ஆட்களிடம் கோன் மாற்றுவது உண்டு. கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கு அது சரி. வீட்டு வூஃபருக்குக் கைக்குக் கிடைத்த கோனைப் போட்டால் பழைய குரல் திரும்பாது என்பது என் கட்சி.

ஏ.வி. ரிசீவர் வைத்திருப்பவர்கள் அமைப்புப் பட்டியலில் அதிகபட்ச ஒலி என்று இருக்கிறதா எனத் தேடி அதைக் குறைத்து வைக்கலாம். என்னுடையது போன்ற குமிழ் ஆம்ப்ளிஃபயருக்கு அந்த வசதி இல்லை. அதனால் டி.வி.யின் சொந்தச் சத்தத்தை இப்போது நன்றாக உயர்த்தி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் மாற்றினாலும் குமிழ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது.