பறித்த பழத்துக்கும் சூடு உண்டு



நுவரெலியாப் பக்கம் லயத்தோடு சேர்ந்த துண்டு நிலத்தில் ஸ்ட்ரோபெரி வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "காலையில நல்லா இருந்த பழம் ஐயா, அந்திக்குள்ள கொழகொழன்னு ஆயிருச்சி. யாவாரி பாதி விலைதான் தந்தாரு."

ஏன் இப்படி ஆகிறது? கொழுந்துச் சாக்கை நினைத்துப் பாருங்கள். இறுக்கி அடைத்து வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறி, கொழுந்து சிவந்துவிடும் அல்லவா? பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. அதனால்தான் அந்தச் சூடு. பழமும் அப்படியே. சூடு கூடினால் பழத்தின் மூச்சும் கூடும், இனிப்பும் சத்தும் குறையும், பூஞ்சணமும் பிடிக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பண்ணைகளில், பறித்த சிறிது நேரத்திலேயே குளிர்காற்றைச் செலுத்திப் பழத்தை 0 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரச் செய்கிறார்கள். அப்படி வைத்தால் ஏறக்குறைய ஒரு கிழமை நிற்கும். நமக்கு அந்த இயந்திரம் இல்லை. ஆனால் இவற்றைச் செய்யலாம்:

1. வெயில் ஏறுமுன் பறியுங்கள். நன்கு சிவந்ததையே பறியுங்கள்; பறித்த பின் இனிப்பு கூடாது.
2. காம்பையும் பச்சை இதழையும் பிய்க்காதீர்கள்.
3. வாளியில் குவிக்காமல் தட்டையான பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.
4. உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள்.
5. சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும்.
6. பூஞ்சணம் பிடித்த பழத்தை உடனே அகற்றுங்கள். தொட்டிருக்கும் பழத்துக்கும் அது பரவும்.

இவ்வளவு பாடு விலைக்காக மட்டுமல்ல. 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கு வேண்டிய போலேற்றும் கொஞ்சம் உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். இரத்தம் குறைந்த நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம். சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீயோ அந்த இரும்பைத் தடுத்துவிடும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

ஸ்ட்ரோபெரி இல்லாத வீட்டார் கவலைப்பட வேண்டாம். கொய்யாப்பழத்தில் விற்றமின் சி இதைவிட அதிகம்.

பழம் முழுவதையும் யாவாரிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிடியாவது பிள்ளைக்கும் தாய்க்கும் எடுத்து வையுங்கள்.